கணினி நியமங்களும் ஒரு கூத்துக் கொப்பியும்

இலக்கியம் பேசும் ஏட்டிலே கணினியின் துளைகளையும் கம்பிகளையும் பற்றி எழுதுவது பொருந்துமா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். பொறியியலாளரும் வியாபாரிகளும் கவனிக்க வேண்டிய விடயம் அது என்பதே பொதுவான எண்ணம். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். படுவான்கரை அண்ணாவியார் ஒருவருடைய கூத்துக் கொப்பியைத் தேடி அலைய நேர்ந்த பிறகுதான், எந்தத் துளை நிலைக்கும், எந்தத் துளை அடைபடும் என்ற கேள்வி நமது கலை வரலாற்றின் கேள்வியுமாகும் என்பது எனக்கு விளங்கியது.

மட்டக்களப்பு வாவி இந்நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலை அடுத்த கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், வயலும் காடுமாய் விரியும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் இவ்விடத்து மக்கள் வழங்குவர். கச்சேரியும் பெரிய பாடசாலைகளும் அச்சகங்களும் பட்டினத்தை ஒட்டியே அமைந்தன. நெல்லும் பாலும் படுவான்கரையிலிருந்து வந்தன. கூத்து இரு கரைகளுக்கும் உரியதாயினும், அதன் வேர் ஆழமாக ஓடியிருப்பது படுவான்கரைக் களரிகளிலேதான்.

நான் சொல்லும் அண்ணாவியார் வடமோடியில் வல்லவர். ‘பதினெட்டாம் போர்’ கூத்தை முழுதாக எழுதிவைத்திருந்த கொப்பி ஒன்று அவரிடம் இருந்தது. அதை நூலாக்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. போர் நடந்துகொண்டிருந்த 1997ஆம் ஆண்டில், துறை கடந்து, சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று, பட்டினத்துக் கணினி அச்சமைப்புக் கடை ஒன்றுக்கு அதைக் கொண்டுவந்தார். அங்கே வேலை செய்த பெண்ணொருத்தி மூன்று மாதம் இருந்து அதைத் தட்டச்சுச் செய்தாள். அச்சிடுவதற்குப் பணம் சேரவில்லை. செய்து முடித்த வேலையை ஐந்து புளொப்பித் தட்டுகளில் பதிந்து கடைக்காரர் கையிற் கொடுத்தார். புளொப்பிகளை மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, அண்ணாவியார் முதுமையிலே நாவலடியிலிருந்த மகளின் வீட்டுக்குப் போனார். கொப்பியும் கூடப் போயிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் நாவலடியை அழித்தது. அண்ணாவியாரும் இல்லை, கொப்பியும் இல்லை. படுவான்கரையில் தகரப் பெட்டி ஒன்றுக்குள் ஐந்து புளொப்பிகள் மட்டும் எஞ்சின.

அந்த மாணவன் இப்போது நடுவயதைத் தாண்டிய விவசாயி. சென்ற ஆண்டு அவர் பெட்டியோடு என்னிடம் வந்தார். பட்டினத்திலே கடை கடையாக ஏறி இறங்கினோம். புளொப்பியைக் கண்ட இளைஞர் பலர் சிரித்தார்கள். ஒருவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதன் படத்தைத்தான் ‘சேமி’ என்ற பொத்தானிலே போட்டிருக்கிறார்கள் என்றார். அவருக்கு அது ஒரு சின்னம்; பொருளன்று. பழுது பார்க்கும் கடையொன்றின் பின்னறையில் புளொப்பி வாயுள்ள பழைய கணினி கிடந்தது. அதன் மின்வழங்கி எரிந்துபோயிருந்தது. வேறொன்றைப் பொருத்துவதற்கு அந்தக் காலத்துச் செருகி கிடைக்கவில்லை. ஈற்றில், கனடாவிலிருந்து உறவினர் ஒருவர் யு.எஸ்.பி. துளையில் மாட்டக்கூடிய புளொப்பிப் பெட்டியொன்றை வாங்கி அனுப்பினார். ஐந்தில் மூன்று பேசின. இரண்டின் மென்தாளிலே பூஞ்சணம் படர்ந்திருந்தது. வாவிக் காற்று செய்த வேலை.

பேசிய மூன்றும் முதலிலே தமிழ் பேசவில்லை. கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் செய்யப்பட்டவை. அந்த மென்பொருளின் வளர்ச்சியை அடோபி நிறுவனம் 2004இலேயே நிறுத்திவிட்டது. அதைத் திறக்க வழி கண்டபோது திரையில் விழுந்தவை அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்கள், இடையிடையே அரைப்புள்ளிகள். பாமினி எழுத்துருவிலே மெய்யெழுத்தின் புள்ளி ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தைப் பிடித்திருப்பதால், சல்லியனும் துரியோதனனும் அரைப்புள்ளி மழைக்குள்ளே நின்றார்கள். பாமினியைத் தேடிப் பொருத்திய பிறகுதான் அண்ணாவியாரின் விருத்தங்களும் தருக்களும் கண்ணுக்குத் தெரிந்தன.

இந்த அனுபவத்தை மட்டக்களப்பின் இன்னொரு நூலின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்ற நூலைப் பதிப்பித்தார். அதன் மூலம் ஏட்டுச் சுவடியிலே இருந்தது. சுவடியை வாசிக்கப் பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும், பாடபேதங்களை ஆராயும் அறிவு வேண்டும், பொறி வேண்டியதில்லை. கண்ணும் வெளிச்சமும் போதும். ஓலையிலே எழுதியவன் தலைமுறைகள் கடந்தும் வாசிக்கப்படுகிறான். 1997இல் கணினியிலே எழுதப்பட்டது, எழுதியவளின் கூந்தல் நரைப்பதற்கு முன்னரே வாசிக்க முடியாமற் போகிறது! புதுமையிலே நம்பிக்கை கொண்ட நம்மைப் போன்றோர் இதை எண்ணிப் பார்க்காமல் ஒதுக்கிவிடலாகாது.

காலம் கடந்த பொருள் கழிவதும் சிறந்த பொருள் அதன் இடத்தைப் பிடிப்பதும் இயற்கை விதி என்று இதற்கு விளக்கம் சொல்வார் உளர். சற்றுக் கிட்ட நின்று பார்த்தால், இயற்கைக்கு இதில் பங்கு குறைவு என்பது தெரியவரும்.

நியமம் என்பது ஓர் உடன்பாடு. துளையின் அகலம் இவ்வளவு, அதிலே ஊசிகள் இத்தனை, எந்த ஊசியிலே என்ன மின்னழுத்தம் செல்லும் என்று பலர் கூடி ஒப்புக்கொள்ளும் உடன்பாடு. அது இருந்தால் ஒருவன் செய்த பலகையை இன்னொருவன் செய்த கணினியில் மாட்டலாம். இல்லையேல், கணினியை விற்றவனே அதன் ஒவ்வொரு உறுப்பையும் விற்பான். அவன் கேட்டதே விலை. உடன்பாட்டை யார் செய்வது, யார் முறிப்பது என்பது பொறியியற் கேள்வி மட்டுமன்று; பொருளாதாரக் கேள்வியுமாகும்.

இதற்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் கதையைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1981இல் அந்நிறுவனம் தன் சொந்தக் கணினியை வெளியிட்டபோது, அதன் அமைப்பைப் பிறர் பார்த்துச் செய்யக்கூடியதாகவே விட்டுவைத்தது. 1984இல் வந்த மாதிரியிலே மேலதிகப் பலகைகளை மாட்டும் துளை இன்னும் விரிந்தது. உலகெங்கும் சிறிய, பெரிய நிறுவனங்கள் அதைப் பின்பற்றி மலிவான கணினிகளைச் செய்தன. சந்தை தன் கையை விட்டு நழுவுவதைக் கண்ட ஐ.பி.எம்., 1987இல் பி.எஸ். 2 என்ற புதிய வரிசையைக் கொணர்ந்து, மைக்ரோ சனல் என்னும் புதுத் துளையை அதிலே அமைத்தது. தொழில்நுட்பத்தில் அது பழையதை விடச் சிறந்தது, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய பலகை எதுவும் அதிலே பொருந்தாது. அதைச் செய்ய விரும்புவோர் ஐ.பி.எம்.முக்கு உரிமைப் பணம் கட்ட வேண்டும். கொம்பாக் முதலான ஒன்பது நிறுவனங்கள் 1988இல் ஒன்றுகூடி, பழைய பலகையையும் ஏற்கும் வேறொரு துளையை அறிவித்தன. மைக்ரோ சனல் சில ஆண்டுகளில் மறைந்தது. பின்னர் இன்டெல் நிறுவனம் 1992இல் கொணர்ந்த பி.சி.ஐ. துளை அந்த ஒன்பது பேரின் துளையையும் ஓரங்கட்டியது. 2004 அளவில் அதன் இடத்தைப் பிடிக்கப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்தது.

இங்கே கவனிக்கத்தக்க புதுமை ஒன்றுண்டு. அதே பி.எஸ். 2 வரிசைதான் விசைப்பலகையை மாட்டும் சிறிய வட்டத் துளையையும், திரைக்கான பதினைந்து ஊசி வி.ஜி.ஏ. துளையையும் உலகத்துக்குக் கொடுத்தது. மூன்றரை அங்குலப் புளொப்பியின் 1.44 மெகாபைட் வடிவத்தைப் பரப்பியதும் அதுவே. இவற்றைப் பிறர் தாராளமாகப் பின்பற்றினர். ஆகவே இவை இருபது, முப்பது ஆண்டுகள் நிலைத்தன. வேலியடைத்த துளை மாண்டது. பொதுவிலே விட்ட துளைகள் வாழ்ந்தன. எங்கள் பகுதிப் பாடசாலைகளில் சுவரிலே படம் வீழ்த்தும் கருவிகள் சில இன்றும் அந்தப் பதினைந்து ஊசிகளையே நம்பி இருக்கின்றன. ஏ.எம்.டி., இன்டெல் முதலிய நிறுவனங்கள் அதை 2015க்குள் கைவிடப் போவதாக 2010 டிசெம்பரிலேயே அறிவித்துவிட்டன. அறிவிப்பு வெளியானபோது படுவான்கரை ஆசிரியர் எவரையும் யாரும் கேட்கவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

புளொப்பியின் முடிவும் இவ்வாறே வந்தது. அப்பிள் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஐமாக் கணினியில் புளொப்பி வாயே இல்லை. டெல் நிறுவனம் 2003இல் தன் மேசைக் கணினிகளில் அதை வழக்கமாகப் பொருத்துவதை நிறுத்தத் தொடங்கியது. சோனி 2011இல் விற்பனையை முடித்துக்கொண்டது. ஆனால் பெரிய இடங்களுக்கு இந்த நாட்குறிப்பு பொருந்தவில்லை. அமெரிக்க அணுவாயுதப் படையின் கட்டளைச் செய்திகளைக் கொண்டுசெல்லும் அமைப்பு எட்டு அங்குலப் புளொப்பிகளை 2019 வரை பயன்படுத்தியது. எட்டு அங்குலப் புளொப்பி, எங்கள் அண்ணாவியாரின் புளொப்பிக்குப் பாட்டன்! சான்பிரான்சிஸ்கோ நகரின் ரயிற் கட்டுப்பாட்டு அமைப்பு, ஐமாக் வெளிவந்த அதே 1998இல் புளொப்பியோடு நிறுவப்பட்டது. அதை மாற்றுவதற்கான ஒப்பந்தம் 2024இலேதான் ஏற்கப்பட்டது. விண்ணப்பங்களைப் புளொப்பி முதலியவற்றில் தருமாறு கோரிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை யப்பானிய அரசு 2024 வரை வைத்திருந்தது. பணமும் படையும் உள்ளவனுக்குப் பழைய நியமம் நம்பகமானது. அவன் வேண்டுமட்டும் அதைப் பேணிக்கொள்வான், உதிரிப் பாகங்களைச் சேமிப்பான், பொறியியலாளரைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பான். கூத்துக் கொப்பியை வைத்திருப்பவனுக்கு மட்டும் அது ‘காலாவதி’ ஆகிவிடுகிறது.

இப்படிச் சொல்வதனால், பழையதெல்லாம் பொன் என்று புலம்பும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். 1990களில் கணினியோடு மல்லாடியவர்களுக்குத் தெரியும்: அச்சுப்பொறிக்கு ஒரு துளை, சுட்டிக்கு இன்னொரு துளை, விசைப்பலகைக்கு வேறொன்று. புதிய பலகையொன்றை மாட்டினால், எந்த உறுப்பு எந்த இலக்கத்தில் செயலியை அழைப்பது என்று தகராறு. பெட்டியைத் திறந்து சிறு செருகிகளைக் கையால் மாற்றி வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மின்சாரத்தைப் போடுவோம். 1996இல் வெளிவந்த யு.எஸ்.பி. நியமம் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஒரே வடிவத் துளை, எதையும் மாட்டலாம், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்டலாம். இதனால் பயன் பெற்றவர்களில் ஏழைப் பாடசாலையும் ஒன்று. அதனிலும் மேலாக, யு.எஸ்.பி. தன் முன்னோரை உதறவில்லை. முதற் பதிப்பின் காலத்துச் சுட்டியைப் பின்னாளில் வந்த துளையிலே மாட்டினாலும் வேலை செய்யும். அண்ணாவியாரின் புளொப்பிகள் மூன்றேனும் பேசியது இந்தப் பொறுப்புணர்ச்சியால்தான்.

மாற்றத்தை இப்படியும் செய்யலாம் என்பதற்கு மட்டக்களப்பார் வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. கல்லடிப் பாலம் 1924இல் கட்டப்பட்டு, ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரைத் தாங்கியது. ஒரு பக்கத்து வாகனம் கடந்து முடியும்வரை மறுபக்கத்து வாகனம் காத்து நிற்க வேண்டிய ஒடுங்கிய பாலம் அது. 2013இல் புதிய பாலம் பக்கத்திலே எழுந்தது. அதைக் கட்டுவதற்காகப் பழையதை முதலில் இடித்து மக்களை வாவியில் நீந்தவிடவில்லை. மண்முனைத் துறையிலும் 2014இல் பாலம் திறக்கும்வரை, இவ்விடத்தார் ‘பாதை’ என்று சொல்லும் மிதவை ஆட்களையும் வண்டிகளையும் கடத்திக்கொண்டுதான் இருந்தது. பாலம் வந்ததைக் குறித்து அழுதவர் எவருமில்லை. கணினி உலகிலோ, பாலத்துக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் முன்னரே பாதையைக் கரையேற்றி உடைத்துவிடுகிறார்கள்.

பொறி போய் நூல் மட்டும் எஞ்சும் நிலைமை தமிழுக்குப் புதிதன்று. காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் அந்த நிலைமையோடு பல்லாண்டு போராடினார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அதை இசைத் தமிழின் பெருமை பேசும் நூலாக மட்டும் வாசிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மேடைகளிலே அதன் பெயரைச் சொல்லிக் கைதட்டு வாங்குவோரில் எத்தனை பேர் அதன் கணக்குகளைப் பின்தொடர்ந்திருப்பர் என்று கேட்டால் அவர்களுக்குச் சங்கடமாயிருக்கும். இன்று அதை வேறொரு கோணத்தில் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. யாழைப் பற்றிய பாட்டு இருந்தது, உரை இருந்தது, உறுப்புகளின் பெயர்கள் இருந்தன; யாழ் இல்லை. அதை எப்படிச் சுருதி கூட்டினார்கள் என்று தொட்டுக் காட்டக்கூடிய கை ஒன்றுமில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில அடிகளையும் அவற்றின் உரையையும் பிடித்துக்கொண்டு, விஞ்ஞானப் பட்டதாரியான விபுலாநந்தர் நரம்புகளின் அளவையும் சுரங்களின் விகிதத்தையும் கணக்கிட்டு யாழை மீட்க முயன்றார். இதுவன்றோ இன்றைய எங்கள் வேலை! கோப்பு இருக்கிறது, அதை ஒலிக்கச் செய்யும் பொறியில்லை. அவருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: யாழின் இலக்கணம் எவருடைய தனியுடைமையுமன்று. பாட்டிலும் உரையிலும் அது பொதுவிலே கிடந்தது. ஒரு கம்பனி மறைத்துவைத்த கோப்பு வடிவத்தை மீட்கப் புகும் எதிர்கால விபுலாநந்தருக்கு அந்த வாய்ப்புக்கூட இராது.

யாழ் ஏன் வழக்கொழிந்தது என்று கேட்டால், அதனிலும் வசதியான வீணை வந்தது என்று எளிதிற் சொல்லிவிடுவோம். அது உண்மையின் ஒரு பாதி. யாழை வாசித்த பாணர் குலம் சமுதாயத்தில் என்ன நிலைக்குத் தள்ளப்பட்டது என்பது மறுபாதி. கருவி மறைவதற்கு முன்னரே கருவியை ஏந்திய மனிதன் ஒதுக்கப்படுகிறான். இதைக் கணினியோடு சேர்த்துப் பார்ப்பது மிகை என்று தோன்றினால், இன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் குறித்த தலைமுறைக்குப் பிந்திய செயலியும் இருந்தாலன்றி முறைப்படி ஏறாது. பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. களவும் வேவும் மலிந்த வலையிலே அத்தகைய சில்லு பயனுடையதே. ஆயினும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை, கடிதமும் வினாத்தாளும் எழுதவும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவும் போதுமான கணினியை, ஒரு நாள் குறித்துப் பிணமாக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? கொழும்பிலும் வெளிநாட்டிலும் கழித்துவிட்ட கணினிகளே நன்கொடையாக எழுவான்கரைக்கு வருகின்றன. எழுவான்கரை கழித்தவை படுவான்கரைக்குப் போகின்றன. போர்க்காலத்தில் மின்சாரமே காணாத ஊர்களுக்குக் கணினி வந்து சேர்ந்தபோது அது ஏற்கெனவே கிழடு. 2022இல் டொலரொன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறிய நாட்டிலே, புதியதொன்றை வாங்குங்கள் என்பது பசித்தவனுக்குச் சொல்லும் சமையற் குறிப்பு. லினக்ஸை ஏற்றலாமே என்று நண்பர்கள் சொல்வர். ஏற்றலாம், நானும் ஏற்றியிருக்கிறேன். பாடத்திட்டமும் பரீட்சையும் ஆசிரியர் பயிற்சியும் பழகிய மென்பொருளைச் சுற்றியே இருக்கையில், கிராமத்து ஆசிரியை ஒருத்தியைத் தனியே எதிர்நீச்சல் போடச் சொல்கிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கழிக்கப்பட்டவை போய்ச் சேரும் இடமும் உண்டு. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 6 கோடி 20 இலட்சம் தொன் மின்கழிவு சேர்ந்ததென்றும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதென்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. மிகுதியிலே ஈயமும் பாதரசமும் கலந்திருக்கும். இறாலும் மீனும் பிடித்து உண்ணும் வாவிக் கரையார் இந்தக் கணக்கைத் தமக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாக நினைக்க முடியாது.

தனியார் விருப்பத்துக்கு எல்லை வகுக்கவே முடியாது என்பதும் பொய். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டமியற்றி, கைத்தொலைபேசி முதலியவற்றுக்கு 2024 டிசெம்பர் 28 முதல் யு.எஸ்.பி. சி என்ற ஒரே மின்னேற்றத் துளைதான் என்று விதித்தது. மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். தனித் துளையைப் பல்லாண்டு கட்டிக் காத்துவந்த அப்பிள் நிறுவனம் 2023இலேயே தன் தொலைபேசியில் அதை மாற்றிக்கொண்டது. பெரிய சந்தையை உடைய அரசுகள் கேட்டன; கம்பனி பணிந்தது. இலங்கை போன்ற சிறிய நாடு தனித்துக் கேட்டால் செவிசாய்ப்பார்களா என்பது வேறு விடயம். தென்னாசிய நாடுகள் கூடி இதைக் கேட்பதற்குத் தடையாயிருப்பது தொழில்நுட்பமன்று.

எல்லாப் பழியையும் கம்பனிகளின் தலையிலே சுமத்திவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளவும் முடியாது. எழுத்துரு விடயத்தில் நம் அலட்சியம் பெரிது. யாழ்ப்பாணத்திலே பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, 247 எழுத்துக்களையும் சில பத்து விசைகளுக்குள் அடக்கும் சிக்கலுக்கு விடை கண்டார். தட்டச்சுப் பழகிய விரல்களே பின்னர் கணினிக்கு வந்தன. அந்த விரல்களை மதித்து உருவானதால்தான் பாமினி போன்றவை ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் அவ்வளவு வேகமாகப் பரவின. அதிலே குற்றமில்லை. ஆனால் ஒருங்குறியிலே தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 அதை ஏற்றுக்கொண்டது. இலங்கை தனக்கென்று 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தமிழ் நியமத்தையும் வகுத்தது. அதற்குப் பின்னரும் எத்தனை எழுத்தாளரும் எத்தனை சிற்றேடுகளும் பழைய எழுத்துருவிலேயே கோப்புகளை அடுக்கிவைத்தோம்! முற்போக்கு என்று முகப்பிலே பொறித்த ஏடுகளும் இதற்கு விலக்கில்லை. பழைய இதழ்களின் கோப்புகளை மாற்றி வைப்போம் என்று ஆசிரியர் குழுக் கூட்டங்களில் பேசினோம், தேநீர் குடித்தோம், கலைந்தோம். மறுபுறம், அந்தப் பெண்ணைப் போன்ற தட்டச்சாளரின் உழைப்பை எவரும் இலக்கிய உழைப்பாகக் கணக்கெடுக்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எந்தக் கோப்பிலே எந்தக் காட்சி இருக்கிறது என்பதையாவது எழுதிவைத்திருப்போம்.

2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்துவருவது இந்த இருளிலே பெரிய ஆறுதல். அதிலும் ஒரு முரண் இருக்கின்றது. தாளிலே அச்சாகிய பழம் ஏடுகளை இன்று எவரும் அங்கே வாசிக்கலாம். கணினியிலே அமைந்து, அச்சேறாமல் நின்றுபோனவற்றுக்குப் படமெடுப்பதற்குப் பக்கமே இல்லை. பணமில்லாமல் அச்சேறாதவையோ பெரும்பாலும் ஏழைகளுடையவை: கூத்துக் கொப்பிகள், கிராமச் சங்கங்களின் அறிக்கைகள், காணாமற் போனோரின் பெயர்களைத் தாய்மார் சொல்லச் சொல்ல யாரோ தட்டச்சுச் செய்த பட்டியல்கள். அப்படியொரு பட்டியல் இருந்த புளொப்பியை, ‘இனி எதற்கு’ என்று எறிந்துவிட்டதாக ஒரு பொதுப் பணியாளர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். அவரை நான் கோபித்துக்கொள்ளவில்லை. வாசிக்கும் பொறி இல்லாதபோது அது வெறும் பிளாஸ்டிக் துண்டு என்பதை உலகமே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மீண்டும் ‘பதினெட்டாம் போர்’ கொப்பிக்கு வருகிறேன். பேசாத இரண்டு புளொப்பிகளில் இருந்தது கூத்தின் பிற்பகுதி. விவசாயி மனம் தளரவில்லை. கூத்துப் பழகத் தொடங்கும்போது அண்ணாவியார் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் அவனவன் பாட்டை எழுதிக் கொடுப்பதைச் சட்டங் கொடுத்தல் என்பார்கள். 1980களில் அந்தக் கூத்து ஆடப்பட்டபோது கொடுத்த சட்டங்களைத் தேடி அவர் துவிச்சக்கர வண்டியிலே ஊர் ஊராகப் போனார். தருமனின் சட்டம் ஒரு வீட்டு வளையிலே செருகியிருந்தது. சல்லியனாக ஆடியவரிடம் தாள் இல்லை, பாட்டு நினைவிலிருந்தது, இருமிக்கொண்டே பாடினார், நான் எழுதிக்கொண்டேன். வீமனாக ஆடியவர் 1990இல் கொண்டுபோகப்பட்டவர். அவருடைய மனைவி சட்டத்தைச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தார், தர மறுத்து, பார்த்து எழுத மட்டும் விட்டார். துரியோதனனாக ஆடியவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று ஊரிலே எவருக்கும் தெரியவில்லை.

ஆகவே எங்கள் கைப்பிரதியிலே சல்லியன் வரையில் ஓரளவு நிறைந்திருக்கின்றது. அதற்குப் பிறகு வீமன் பாடுகிறான்; துரியோதனன் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் வெற்றுக் கோடுகள் விட்டிருக்கிறோம். பூஞ்சணம் படர்ந்த இரண்டு புளொப்பிகளையும் அரிசித் தவிட்டு நிறத் தாளிலே சுற்றி, ஈரம் புகாத டப்பாவில் இட்டு வைத்திருக்கிறேன். கனடாவிலிருந்து வந்த பெட்டியும் அதோடு இருக்கின்றது. இப்போது எங்கள் பாடசாலைக்கு வந்திருக்கும் புதிய மடிக்கணினியிலே அதை மாட்டுவதற்கு உரிய துளை இல்லை. இடையிலே ஒரு மாற்றுச் செருகி வேண்டும் என்கிறார்கள். கடையில் சொல்லிவைத்திருக்கிறேன்.